14 வயது ஸ்பிட்ஸ், ராத்திரியெல்லாம் குரைக்கிறாள், கதவின் தப்பான பக்கத்தில் போய் நிற்கிறாள்: வயதா, நோயா?

மொட்டைமாடி
ஜூலை 6, இரவு 11.50

எல்லோருக்கும் வணக்கம். நாலு வருடமாக இங்கே படிக்க மட்டும்தான் வந்துகொண்டிருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் ஜூலிக்கு 14 வயது முடிந்துவிட்டது. பொமரேனியன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நம் ஊரில் பாம் என்று விற்பதெல்லாம் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ் என்பது பிறகுதான் தெரிந்தது. ஸ்ரீரங்கத்தில் ஓட்டு வீடு. ரேழி, முற்றம், பின்னால் கிணற்றடி என்று நீளமாகப் போகும். ஓய்வு பெற்ற அப்பா, அம்மா, நான். ஜூலி அப்பாவின் செல்லம்.

இரண்டு மாதமாக அவள் அவளாக இல்லை. எங்கள் வாசல் பழைய இரட்டைக் கதவு. வலது கதவை மட்டும்தான் திறப்போம், இடது கதவு எப்போதும் தாழ் போட்டபடி இருக்கும். இத்தனை வருடமாக வலது பக்கம் போய் நின்றவள் இப்போது இடது கதவில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்திலேயே வலது கதவு திறந்து கிடந்தாலும் அசைவதில்லை. நேற்று வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்துவிட்டு, பின்னால் வரத் தெரியாமல் முனகிக்கொண்டிருந்தாள்.

ராத்திரி 2 மணிக்கு ஆரம்பித்தால் நாலு, நாலரை வரை குரைப்பு. யாரையும் பார்த்துக் குரைப்பதில்லை. ஒரே சுருதி, நடுநடுவே கொஞ்சம் ஊளை. பக்கத்து வீட்டு மாமி, நாய் ஊளையிட்டால் வீட்டுக்கு ஆகாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்கும் தூக்கம் இல்லை.

வெளியே அழைத்துப்போனால் கால் மணி நேரம் சும்மா நிற்கிறாள். உள்ளே வந்ததும் பூஜை அறை வாசலில் போய்விடுகிறாள். அப்பா தொட்டால் உறுமுகிறாள். போன வாரம் அவர் கோபத்தில் நாளிதழைச் சுருட்டி ஒரு அடி வைத்தார். அவள் ஓடவில்லை. எதற்கு என்று புரியாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை.

பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். இரண்டு நிமிடம் பார்த்தார், "வயசாயிடுச்சு, இதெல்லாம் இருக்கும்" என்று ஒரு வைட்டமின் சிரப் எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதானா? இப்படியே விட்டுவிடுவதா?


கருப்பன்வீடு
ஜூலை 7, காலை 6.15

அக்கா, எங்கள் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்து எழுதியது போல இருக்கிறது. எங்களுடையது ராஜபாளையம் கலப்பு. பெயர் கருப்பன், நிறம் வெள்ளை. (கேட்காதீர்கள், தாத்தா வைத்த பெயர்.) 13 வயதில் ஒருநாள் வழக்கம்போல வயல் பக்கம் போனவன் வரவில்லை. பொழுது சாயும்வரை தேடி, இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு செங்கல் சூளையில் கண்டுபிடித்தோம். மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாள் முழுக்க அங்கேயே நின்றிருப்பான் போல.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பரை எழுதிக் கட்டுங்கள். வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள். இத்தனை வருடம் எங்கேயும் போகாத நாய்தான், ஆனால் இப்போது அது பழைய நாய் இல்லை.


வேப்பமரம்
ஜூலை 7, காலை 9.40

அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இணையத்தில் எழுதி வைத்தியம் பார்க்க முடியாது. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில், "வயசாயிடுச்சு" என்பது நோயின் பெயர் இல்லை. நீங்கள் சொல்லும் அடையாளங்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது: கேனைன் காக்னிடிவ் டிஸ்ஃபங்ஷன், சுருக்கமாக சி.சி.டி. மனிதர்களின் அல்சைமருக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பீட்டா அமிலாய்ட் புரதம் நாயின் மூளையிலும் படிகிறது, மூளையும் சுருங்குகிறது. அரிதும் இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் செய்து 2001இல் வெளிவந்த ஆய்வில், 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும், 15, 16 வயது நாய்களில் 68 சதவீதத்துக்கும் ஏதாவது ஒரு அடையாளம் இருந்தது. திசை தெரியாமல் நிற்பது, பழகியவர்களிடம் நடந்துகொள்வது மாறுவது, பகலும் இரவும் புரண்டு போவது, கற்ற சுத்தம் மறப்பது. கதவின் தப்பான பக்கத்தில் போய் நிற்பது பாடப்புத்தகத்தில் வரும் உதாரணம்.

ஆனால் அம்மா, அவசரப்பட்டு அந்தப் பெயரை ஒட்டிவிடாதீர்கள். இதை நிச்சயமாகக் காட்டும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. மற்றதெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகு மிஞ்சுவதுதான் இது. வீட்டுக்குள் சிறுநீர் போகிறாளா? சிறுநீர்த் தொற்று, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, குஷிங் என்ற ஹார்மோன் நோய், எதுவும் இருக்கலாம். செல்லம் கொடுத்த அப்பாவைப் பார்த்து உறுமுகிறாளா? எனக்கு முதலில் தோன்றுவது மறதி அல்ல, வலி. அவர் தூக்கும்போது இடுப்பில் கை போகிறதா என்று பாருங்கள். கண்ணில் நீலமாக ஆடை போலத் தெரிந்தால் அது புரையாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. வயதில் எல்லா நாய்க்கும் கண் வில்லை தடிக்கும், அதில் ஓரளவு பார்வை இருக்கும். இந்த வயதில் திடீரென்று வலிப்பு வந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

மருத்துவரிடம் போகும்முன் மூன்று காரியம். ராத்திரி நடப்பதை போனில் வீடியோ எடுங்கள். கிளினிக் மேஜையில் எந்த நாயும் சாதுவாகத்தான் நிற்கும், வீடியோவுக்குத்தான் மருத்துவர் மசிவார். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள் என்று அளந்து எழுதுங்கள். காலையில் முதல் சிறுநீரைச் சுத்தமான பாட்டிலில் கொண்டுபோங்கள். தட்டையான குழம்புக் கரண்டியை அவள் உட்காரும்போது அடியில் நீட்டினால் போதும்.

உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், அடித்ததை அவள் அன்றே மறந்திருப்பாள். அவரும் மறக்கலாம். இனி அடிக்க மட்டும் வேண்டாம். எதற்கு அடி என்று இணைத்துப் பார்க்கிற இடமே அவள் தலையில் பழுதாகியிருக்கலாம்.


மஞ்சள்குல்லா
ஜூலை 7, மதியம் 1.05

இவ்வளவு டெஸ்ட் எல்லாம் எதற்கு? எங்கள் லாப்ரடாருக்கும் இதே கதைதான். அம்மாவின் தூக்க மாத்திரை, அல்பிரசோலம், கால் மாத்திரை சாதத்தில் வைத்துக் கொடுத்தோம். காலையில் சாப்பாட்டில் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய். மூளைக்கு ரொம்ப நல்லது என்று வெளிநாட்டிலேயே ஒத்துக்கொண்டார்கள். வல்லாரைப் பொடியும் போடலாம். கோயம்புத்தூரில் எங்கள் தெருவில் மூன்று நாய்க்கு இதுதான் வைத்தியம்.


வேப்பமரம்
ஜூலை 7, மாலை 4.30

தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த மாத்திரையை மருத்துவர்களும் நாய்க்கு எழுதுவதுண்டு. அதனால்தான் பயமாக இருக்கிறது, பாதி உண்மை முழுப் பொய்யைவிட வேகமாகப் பரவும். ஏற்கெனவே தடுமாறும் கிழ நாய்க்கு அதைக் கொடுத்தால் கால் இன்னும் தள்ளாடும், குழப்பம் கூடும். சில நாய்கள் தூங்குவதற்குப் பதில் எதிர்மாறாகப் பரபரக்கும். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், ஐபுபுரோஃபென் பக்கமே போகாதீர்கள். ஐபுபுரோஃபென் வயிற்றையும் சிறுநீரகத்தையும் ஒரு வழி செய்துவிடும். சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் போட்ட திரவ மருந்துகளும் நாய்க்கு விஷம்.

தேங்காய் எண்ணெய்க்கு வருகிறேன். நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு சேர்த்த உணவில் வயதான நாய்களுக்கு ஓரளவு பலன் தெரிந்தது உண்மை. கிழட்டு மூளைக்குச் சர்க்கரையை எரிக்கும் திறன் குறையும், அந்தக் கொழுப்பிலிருந்து வரும் கீட்டோன்கள் மாற்று எரிபொருள் ஆகின்றன. ஆனால் ஆய்வுகளில் கொடுத்தது பிரித்தெடுத்த எண்ணெய். நம் செக்கு எண்ணெயில் அதிகம் இருப்பது லாரிக் அமிலம், அது அந்த வேலையை அவ்வளவாகச் செய்யாது. எட்டு கிலோ ஸ்பிட்ஸுக்கு இரண்டு கரண்டி ஊற்றினால் வயிற்றுப்போக்கு நிச்சயம், கணைய அழற்சி வந்தாலும் ஆச்சரியமில்லை.


மட்டுறுத்துநர்
ஜூலை 7, மாலை 5.00

மாத்திரை அளவுகளை இங்கே எழுத வேண்டாம். மேலே உள்ளதை உரையாடல் புரிவதற்காக நீக்காமல் விட்டிருக்கிறோம். யாரும் பின்பற்ற வேண்டாம்.


சும்மாவந்தேன்
ஜூலை 8, இரவு 10.20

மனுஷனுக்கே முதியோர் இல்லம் தேடுகிற காலத்தில் நாய்க்கு அல்சைமராம். 14 வயசு வாழ்ந்துவிட்டது. ஊசி போட்டு அனுப்பிவிட்டு வேற குட்டி வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் தூங்க வேண்டாமா?


கருப்பன்வீடு
ஜூலை 8, இரவு 10.45

பெயருக்கு ஏற்ற மாதிரி சும்மாவே போயிருக்கலாம்.


மொட்டைமாடி
ஜூலை 15, இரவு 9.10

திருச்சியிலேயே வேறு ஒரு மருத்துவரிடம் போனோம். முக்கால் மணி நேரம் பார்த்தார். வேப்பமரம் ஐயா சொன்னபடி வீடியோவைக் காட்டியதும் பேச்சே மாறிவிட்டது.

கரண்டி வேலை செய்தது. ஆனால் அந்தக் கரண்டியை அம்மா சமையலறைக்குள் விட மறுத்துவிட்டார். இப்போது கிணற்றடியில் தொங்குகிறது.

சிறுநீரில் தொற்று இருந்தது. சிறுநீரகம், சர்க்கரை பரவாயில்லை. எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டு இரண்டும் தேய்ந்திருக்கிறது. ஐயா கேட்டது போலவே, அப்பா எப்போதும் இடுப்பைப் பிடித்துத்தான் தூக்குவார். இரண்டு மாதமாக அவள் உறுமியது அவரைப் பார்த்து அல்ல, அந்தப் பிடியைப் பார்த்து. இதைக் கேட்டபோது அப்பா முகம் போன போக்கை எழுத வரவில்லை. இப்போது நெஞ்சுக்கு அடியில் ஒரு கை, பின்னங்கால்களுக்கு அடியில் ஒரு கை. உறுமல் நின்றுவிட்டது.

தொற்றுக்கு மருந்து ஆரம்பித்து ஐந்து நாள் ஆகிறது, பூஜை அறை வாசலில் போவதும் பெரும்பாலும் நின்றுவிட்டது. அவள் மறந்து போகவில்லை, அடக்க முடியாமல் போயிருக்கிறாள். வைட்டமின் சிரப்போடு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆனால் ராத்திரி 2 மணி மாறவில்லை. இடது கதவும் மாறவில்லை. மறதியும் சேர்ந்தே இருக்கிறது என்றுதான் மருத்துவர் சொல்கிறார்.

அம்மா ஒன்று சொன்னார். என் பாட்டி, அதாவது அப்பாவின் அம்மா, கடைசி மூன்று வருடம் இதே வீட்டில் ராத்திரி எழுந்து உட்கார்ந்து "வீட்டுக்குப் போகணும்" என்பாராம். பார்த்துக்கொண்டது அம்மாதான். "இந்த நேரத்துக்குத்தான் அவளும் எழுந்து உக்காருவா. விளக்கைப் போட்டு ரெண்டு வார்த்தை பேசினா அடங்கிடுவா" என்றார். மாமியின் சகுனம் பற்றி அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு இல்லை.

சும்மாவந்தேன் சார், பக்கத்து வீட்டுக்காரர்கள் தூங்க வேண்டும் என்பது நியாயம்தான். நேற்று மாமியிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.


வடலி
ஜூலை 16, அதிகாலை 3.20

பிள்ளை, நேரத்தைப் பாருங்கோ, எங்கட ஊரில் இப்போது பின்னேரம், அவ்வளவுதான். இங்கே டொராண்டோவில் எங்கள் பீகிள் 16 வயதுவரை இருந்தது. கடைசி இரண்டு வருடம் இந்த வருத்தத்தோடுதான். குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், அதோடு அவனுக்குத் தொடங்கிவிடும். வீடு முழுக்க நடப்பான், ஒரே திசையில் சுற்றுவான், குசினி மூலையில் போய் முட்டிக்கொண்டு நிற்பான்.

எங்களுக்கு உதவினதைச் சொல்கிறேன். இருட்டவே விடக்கூடாது. அவன் படுக்கிற இடம், தண்ணீர்க் கிண்ணம், கதவு, மூன்றுக்கும் சின்ன விளக்கு. உங்கள் ஊரில் ஜீரோ வாட் பல்பு என்பீர்களே, அதுவே போதும். விடிய எழும்பினதும் வெளிச்சத்தில் இருபது நிமிடம் மெல்ல நடத்துங்கோ. வேகமாக அல்ல, ஒவ்வொரு மரத்தையும் அவள் மணந்து முடிக்கட்டும். கண்ணும் காதும் போனாலும் மூக்கு கடைசிவரை நிற்கும். பகலில் நாள் முழுக்க நித்திரை கொள்ள விட்டீர்கள் என்றால் இரவுக்கு மிச்சம் இராது. எங்கட வீட்டில் பழைய துவாய்க்குள் முட்டைத் துண்டுகளைச் சுருட்டிக் கொடுப்போம், அவிழ்த்துத் தின்ன அரை மணி நேரம் எடுப்பான். இது விளையாட்டுக் கதை இல்லை. இங்கத்தைய டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து வயதான பீகிள்களை வருடக்கணக்காகக் கவனித்தார்கள். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சத்துகள் சேர்த்த சாப்பாடு மட்டும் கொடுத்தவற்றைவிட, சாப்பாட்டோடு விளையாட்டும் துணையும் நடையும் கொடுத்தவை நன்றாகக் கற்றன.

தளபாடங்களை இடம் மாற்றாதேங்கோ. நான் ஒரு நாள் சோஃபாவைத் திருப்பிப் போட்டேன், அவன் இரண்டு நாள் அழுதான். வழுக்கும் தரைக்கு யோகா மேட். மூத்திரம் போன இடத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவாதேங்கோ, ஈரத்தில் நடந்து காலை நக்குவினம். இரவு படுக்கப் போகமுன் கடைசியாக ஒரு சின்னச் சாப்பாடு, ஒரு தரம் வெளியே.

மருந்தும் கொடுத்தோம். செலிஜிலின். மனிதருக்குப் பார்க்கின்சனுக்குக் கொடுக்கிறதுதான். அமெரிக்காவில் நாய்களின் இந்த வருத்தத்துக்கென்று 1998இல் அனுமதித்தார்கள். ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை, ஐந்தாவது கிழமை ஒரு இரவு எழும்பவில்லை. செத்துப்போனான் என்று நினைத்து மனுஷி லைட்டைப் போட்டுப் பார்த்தாள். குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.


கருப்பன்வீடு
ஜூலை 16, காலை 7.00

வடலி அண்ணன் சொன்ன சுற்றுவது பற்றி ஒன்று. கருப்பன் ஒருநாள் காலையில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, கண் துடிக்க, வட்டமடித்து விழுந்தான். பக்கவாதம், முடிந்தது என்று குழி தோண்ட இடம்கூடப் பார்த்துவிட்டோம். மதுரையில் காட்டியபோது அது காதின் உள்ளே சமநிலை போவது, கிழ நாய்களுக்குத் திடீரென்று வரும், பெரும்பாலும் தானாகச் சரியாகும் என்றார்கள். இரண்டு வாரத்தில் எழுந்து நடந்தான். தலை மட்டும் கொஞ்சம் சாய்ந்தே இருந்தது, எப்போதும் ஏதோ கேள்வி கேட்பது போல. அதனால் ஒரே நாளில் வருவதையும் மெல்ல மெல்ல வருவதையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள்.


மொட்டைமாடி
ஜூலை 29, மாலை 6.40

மருத்துவர் செலிஜிலின் எழுதிவிட்டார். நாளை காலையிலிருந்து. மூட்டு வலிக்குத் தனி மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது, நொண்டல் குறைந்திருக்கிறது. ரேழியிலிருந்து முற்றம்வரை யோகா மேட் போட்டாயிற்று. அப்பா நிலைப்படிக்கு ஒரு பலகையைச் சாய்த்து, மேலே சாக்கு ஒட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை உண்ணி மருந்து போட்டுக் குளிப்பாட்டுவதாகவும் சொல்கிறார். ஆடி மாதக் காற்றில் குளிப்பாட்டலாமா?


வேப்பமரம்
ஜூலை 29, மாலை 6.52

காற்று இருக்கட்டும். அந்த உண்ணி மருந்துப் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது?


மொட்டைமாடி
ஜூலை 29, இரவு 7.05

அமிட்ராஸ் 12.5 சதவீதம். தண்ணீரில் கலந்து ஊற்றுவது.


வேப்பமரம்
ஜூலை 29, இரவு 7.08

ஊற்றாதீர்கள். செலிஜிலினும் அமிட்ராஸும் உடம்பில் ஒரே நொதியைத் தடுப்பவை. சேர்ந்தால் ஆபத்து. அமிட்ராஸ் உள்ள உண்ணிப் பட்டையும் கூடாது. வலிக்கு டிராமடால் கொடுக்கிறார்களா என்றும் பாருங்கள், அதுவும் இதோடு சேரக்கூடாது. மனக்கலக்கத்துக்குத் தரும் ஃப்ளூஆக்ஸெடின் போன்றவையும் அப்படியே. நாளை முதல் மாத்திரைக்கு முன்னால் அவளுக்கு இப்போது கொடுக்கும் எல்லாவற்றையும், மேலே பூசுவது உட்பட, மருத்துவரிடம் வாசித்துக் காட்டுங்கள். உண்ணிக்கு வேறு மாத்திரைகள் இருக்கின்றன. வலிப்பு வந்த நாயென்றால் அதையும் சொல்லித்தான் வாங்க வேண்டும்.


மொட்டைமாடி
ஜூலை 29, இரவு 8.30

போனில் பேசிவிட்டேன். டிராமடால் இல்லை. "நல்லவேளை கேட்டீங்க, நான் உண்ணியைப் பத்தி யோசிக்கல" என்றார் மருத்துவர். பாட்டிலை அப்பா பரணில் ஏற்றிவிட்டார். கை நடுங்குகிறது ஐயா. நன்றி என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை.


பிச்சிப்பூ
ஆகஸ்ட் 11, மதியம் 2.15

தாமதமாக வருகிறேன். படித்துக்கொண்டுதான் இருந்தேன், எழுத மனம் வரவில்லை. சும்மாவந்தேன் சொன்னதை எல்லோரும் கடந்து போய்விட்டீர்கள். அவர் சொன்ன விதம்தான் தப்பு, கேள்வி தப்பில்லை. போன வருடம் எங்கள் டைகரை ஊசி போட்டு அனுப்பினோம். அந்தக் கேள்வியை ஆறு மாதம் தள்ளிப்போட்டோம், அதில் மூன்று மாதம் எங்களுக்காக மட்டும்தான் என்று இன்று தெரிகிறது.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய்வந்த காலத்தில் யாரோ ஒருவர் சொல்லி, ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் போட்ட ஒரு அளவுகோலைப் படித்தேன். வலி, பசி, தண்ணீர், சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். 35க்கு மேலே இருந்தால் தொடரலாம். ஆனால் எனக்கு மதிப்பெண் போட வரவில்லை. ஒரு வால் ஆட்டினால் எட்டு போட்டுவிடுவேன்.

கடைசியில் என் மாமியார் ஒரு வழி செய்தார். தினசரி காலண்டரில் தாளைக் கிழிப்போம் அல்லவா, ராத்திரி அதைக் கிழித்து, நல்ல நாள் என்றால் ஒரு பிஸ்கட் டப்பாவில், கெட்ட நாள் என்றால் இன்னொரு டப்பாவில் போடுவார். என்னிடம் கேட்கவே மாட்டார். மூன்று மாதம் கழித்து இரண்டு டப்பாவையும் என் முன்னால் திறந்து வைத்தார். எண்ணத் தேவையிருக்கவில்லை, ஒன்றின் மூடி சாத்தவே வரவில்லை. மருத்துவர் வீட்டுக்கே வந்தார். முதலில் மயக்க மருந்து கொடுத்துத் தூங்கிய பிறகுதான் மற்றது. தலை என் மடியில் இருந்தது.

ஜூலிக்கு அந்த நாள் இப்போது இல்லை, அது நீங்கள் எழுதுவதிலேயே தெரிகிறது. ஆனால் காலண்டர் தாளை இன்றிலிருந்தே போட ஆரம்பியுங்கள். தேவைப்படும் நாளில் ஆரம்பித்தால் நம் கண் பொய் சொல்லும்.


சும்மாவந்தேன்
ஆகஸ்ட் 11, இரவு 11.30

நான் எழுதியது அதிகப்படிதான். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. அதைப் பற்றி எழுதத் தெரியாமல்தான் அப்படி எழுதினேன்.


மொட்டைமாடி
செப்டம்பர் 14, இரவு 9.45

ஆறு வாரம் கழித்து வருகிறேன். செலிஜிலின் முதல் மாதம் ஒன்றும் செய்யவில்லை, நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தோம். இப்போது வாரத்தில் நாலைந்து நாள் பதினோரு மணிக்குப் படுத்தால் நாலரைவரை தூங்குகிறாள். மற்ற நாள்களில் 2 மணிக்கு எழுந்திருக்கிறாள், ஆனால் குரைப்பதற்கு முன்னாலேயே அப்பா எழுந்துவிடுகிறார். அவர் ஹாலில் பாய் போட்டு அவள் பக்கத்தில்தான் படுக்கிறார். முற்றத்துக்கு அழைத்துப்போய்விட்டு, ஜீரோ வாட் வெளிச்சத்தில் அவளிடம் கிரிக்கெட் ஸ்கோர் சொல்வார். அவளுக்குக் காது கேட்பதில்லை என்று மருத்துவர் சொல்லியாயிற்று. அவர் நிறுத்துவதாக இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். என் ஸ்கூட்டர் சத்தத்துக்கு வாசலுக்கு ஓடி வருபவள் இப்போது நான் உள்ளே வந்து குனிந்த பிறகும் முகர்ந்து பார்த்துத்தான் வாலை ஆட்டுகிறாள். சில நாள் முகர்ந்த பிறகும் இல்லை. இரண்டு டப்பா வைத்திருக்கிறோம். கெட்ட டப்பாவில் ஒன்பது தாள்.

இடது கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தனை மருந்துக்கும் அது மட்டும் மாறவில்லை. தினமும் இடது கதவில் மூக்கை வைத்து நிற்பாள், நாங்கள் போய் வலது பக்கம் திருப்பிவிடுவோம். திருப்பும்போதெல்லாம் ஒரு நடுக்கம் நடுங்குவாள். பாட்டியை "இதுதான் உங்க வீடு" என்று சொல்லித் திருத்தத் திருத்த அழுகைதான் கூடியது என்று அம்மா சொன்னார். அப்பா ஒன்றும் பேசவில்லை. போன வெள்ளிக்கிழமை காலையில் சுத்தியலோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கதவைக் கடைசியாகத் திறந்தது பீரோ உள்ளே வந்தபோது, நான் எட்டாவது படித்த வருடம். தாழ்ப்பாள் துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்தது. தட்டினார், ஆட்டினார், வரவில்லை. சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து ஊற்றி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி தட்டினார். திறந்துகொண்டது.

இப்போது காலையில் இரண்டு கதவையும் திறந்துவைக்கிறோம். பலகையை அகலமாக மாற்றிப் போட்டிருக்கிறார். எந்தப் பக்கம் போனாலும் தெருதான்.


மஞ்சள்குல்லா
செப்டம்பர் 14, இரவு 10.02

தேங்காய் எண்ணெய் வேலை செய்யும் என்று நான் முதலிலேயே சொன்னேன்.